புதுக்கோட்டையில் இரண்டு நாள், அம்மாவின் மூக்குக்கண்ணாடியோடு

சித்தன்னவாசலுக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் பிறந்து, இருபத்தைந்து வயதுவரை அங்கேயே வளர்ந்து, அந்த ஓவியங்களை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவரை எனக்குத் தெரியும். என் அம்மா.

கேட்டால் காரணம் தயாராக இருக்கும். அம்மாயி விடவில்லை. "அம்மணச்சாமி கோயிலில் வயதுப்பெண்ணுக்கு என்ன வேலை?" என்பாராம். பிறகு கல்யாணம், சென்னை, நான், தம்பி. ஊருக்குப் போனால் காதுகுத்து, கருமாதி, குலதெய்வம் என்று ஏதாவது ஒன்று. அது முடிந்த கையோடு பஸ். இந்த மாசி மாதம் ஒரு சனி, ஞாயிறு எனக்குச் சும்மா கிடைத்தது. காதுகுத்தோ கருமாதியோ இல்லாமல் ஒருமுறை உன் ஊருக்குப் போய்வருவோம் என்றேன். "சும்மா எதற்குப் போவது?" என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம் அவரே இட்லிப்பொடி இடித்து வைத்துவிட்டார்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் விடிவதற்குள் திருச்சியில் இறக்கிவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு வாடகைக் கார் பேசியிருந்தேன். ஓட்டிவந்த தம்பிக்குக் கீரனூர்ப் பக்கம். வண்டியில் ஏறி ஐந்து நிமிடத்தில் எந்த ஊர், யார் வீடு என்று அம்மா ஆரம்பிக்க, பத்தாவது நிமிடத்தில் அவர் அம்மாவை "அத்தை" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அதற்குப்பின் இரண்டு நாளும் எங்கே போவது என்பதை அவர்கள் இருவரும்தான் முடிவு செய்தார்கள். பணம் மட்டும் நான் கொடுத்தேன்.

முதலில் நார்த்தாமலை. திருச்சி–புதுக்கோட்டை சாலையில் கீரனூரைத் தாண்டியதும் உள்ளே திரும்ப வேண்டும். மலை என்றால் மரமும் குளிருமாகக் கற்பனை செய்துகொண்டு போகக்கூடாது. யானைகள் படுத்திருப்பதுபோல் மொட்டைப் பாறைகள், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஆளுருட்டிமலை என்று ஒன்று. குற்றம் செய்தவர்களை மேலேயிருந்து உருட்டிவிட்ட இடமாம். டிரைவர் தம்பி சொன்னது, அதனால் இப்படியே விட்டுவிடுகிறேன். ஊர்ப்பெயருக்கு 'நகரத்தார் மலை' என்பதுதான் மூலம் என்பார்கள். சோழர் காலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழுவினர் புழங்கிய இடம். இப்போது ஊரில் வணிகம் என்று பார்த்தால் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய், பழக் கடைகள். பங்குனித் திருவிழாவுக்குப் பந்தக்கால் நடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விஜயாலய சோழீஸ்வரத்துக்கு மேலமலைப் பாறையில் ஏறித்தான் போகவேண்டும். கால் மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டதால் பாறை இன்னும் சுடவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என்னைவிட வேகமாக ஏறினார். வெறுங்காலுக்குத்தான் பாறையில் பிடிப்பு இருக்குமாம். முட்டி வலிக்கிறது என்று எங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்காகக் காத்திருப்பவரும் இவரேதான்.

ஏறி முடித்ததும் பாறைச் சரிவில் மேற்குப் பார்த்த சிறு கோயில். வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் குட்டிக் கோயில்கள். பெயர்தான் விஜயாலய சோழன் பெயர். வாசலில் துவாரபாலகர் சிலையின் அடியில் இருக்கும் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது: சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் கட்டிய கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். முத்தரையரிடமிருந்து தஞ்சாவூரைப் பிடித்தவன் விஜயாலயன். ஊர் போயிற்று, கட்டிய கோயிலின் பெயரும் போயிற்று. நான் இதையெல்லாம் அம்மாவுக்கு ஆவலோடு விளக்கினேன். அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: கல் கோயிலே மழையில் இடிந்ததா? அங்கிருந்து பேச்சு 2018 நவம்பர் கஜா புயலுக்குப் போய், பெரியம்மா வீட்டு ஓடு பறந்தது, தென்னை சாய்ந்தது, ஆலங்குடிப் பக்கம் பலாமரங்கள் வேரோடு போனது என்று நீண்டது. சாத்தன் பூதிக்காக அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

எதிர்ப் பாறையில் இரண்டு குடைவரைகள். பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர், உள்ளே இருப்பதோ பெருமாள். ஒருவர் அல்லர், ஆளுயரத்தில் பன்னிரண்டு பேர், சுவரோடு வரிசையாக, ஏறக்குறைய ஒரே அச்சாக. அரை இருட்டில் உள்ளே தலை நீட்டியபோது, நமக்காக யாரோ எழுந்து நின்றதுபோல் இருந்தது. எங்களைத் தவிர மலையில் ஆள் இல்லை. தூரத்தில் கல் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சித்தன்னவாசல் போய் இறங்கும்போதுதான் மூக்குக்கண்ணாடி காணவில்லை என்பது தெரிந்தது. நார்த்தாமலையில் முகம் துடைக்கக் கழற்றினாராம். கைப்பையைக் கொட்டினோம், இருக்கைக்கு அடியில் துழாவினோம். கண்ணாடி இல்லாமல் ஓவியத்தைப் பார்த்து என்ன பயன் என்று எனக்கு எரிச்சல். அம்மா நிதானமாகக் கண்ணை மூடி, அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் சாவி, கம்மல், ரேஷன் கார்டு என எது தொலைந்தாலும் இதுதான் முதல் நடவடிக்கை. இட்லிப் பொட்டலம் வைத்திருந்த பையில், மடித்த துண்டுக்குள் கண்ணாடி இருந்தது. டிரைவர் தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்றுக்கொன்று கொஞ்சம் தள்ளி இருக்கின்றன. வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்துக்குப் போனோம். படியேறி, மலையின் மறுபக்கம் இறங்கி, இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விளிம்போடு நடந்தால் இயற்கையாக அமைந்த ஒரு குகை. தரையில் பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல் மேடு. சமணத் துறவிகள் படுத்தவை. வழவழப்பு இன்னும் போகவில்லை. பழைய படுக்கையின் பக்கவாட்டில் தமிழ்-பிராமியில் ஒரு கல்வெட்டு. ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் செய்து கொடுத்த படுக்கை என்கிறது. எருமிநாடு என்பது மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அத்தனை தூரத்திலிருந்து இந்த வெயிலுக்கா வந்தார் மனிதர்! அம்மா ஒரு படுக்கையை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, மத்தியானத்தில்கூடக் குளிர்ச்சியாக இருக்கும், தெரிந்துதான் இடம் பிடித்திருக்கிறார்கள் என்றார். கம்பிக்கு வெளியே அன்னவாசல் பக்கம் முழுவதும் தெரிந்தது. எந்தெந்தப் பச்சை வயல், எந்தெந்தப் பச்சை தைலமரம் என்று அங்கிருந்தே பிரித்துச் சொன்னார். தைலமரம்தான் அதிகம். அது நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டது என்பது இங்கே எல்லோர் வாயிலும் இருக்கும் புகார்.

பிறகு அறிவர் கோயில். சின்னக் குடைவரை. முன்மண்டபத்தின் பக்கச் சுவர்களில் ஒரு தீர்த்தங்கரரும் ஓர் ஆசாரியரும், கருவறையில் மூவர். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாக வாசல் பக்கத்துக் கல்வெட்டு சொல்கிறது. தூண்களில் ஆடும் பெண்கள், ஓர் அரசன், அரசி. பாதிக்குமேல் அழிந்துவிட்டன. விரல் பட்ட இடங்கள், சாய்ந்து உட்கார்ந்த முதுகுகள் பட்ட இடங்கள் எல்லாம் வெறும் கல்லாகத் தெரிகின்றன. கைக்கு எட்டாததால் விதானம் தப்பித்தது.

அண்ணாந்து பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் அம்மா கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

மேலே இருப்பது ஒரு தாமரைக்குளம். சமண மரபில் அது சமவசரணம், தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கப் போகும் வழியில் உள்ள குளம், பூப்பறிப்பவர்கள் அடியார்கள் என்று புத்தகம் படித்துவிட்டு வந்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எண்ண ஆரம்பித்திருந்தார். மூன்று ஆட்கள். யானை. எருமை. மீன். அன்னம். எருமையைத்தான் அவருக்கு மிகவும் பிடித்தது. தண்ணீருக்குள் கிடக்கும் எருமை ஆள் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்காது, சும்மா முகத்தை மட்டும் தூக்கும், அப்படியே எழுதியிருக்கிறான் என்றார். அப்புறம் பூப்பறிக்கும் ஒருவரைக் காட்டினார். பறித்த தாமரையைத் தண்டோடு பிடித்திருக்கிறார் அவர். தாமரைத் தண்டில் பொடிப்பொடியாக முள் இருக்கும், ஈரத்தோடு தோளில் சாய்த்தால் அன்று ராத்திரி முழுக்க அரிக்கும். ஆடிமாதம் அம்மன் கோயிலுக்காகக் கண்மாயில் இறங்கித் தாமரை பறித்த நாட்களில் அம்மாவும் அவர் அக்காவும் பட்டபாடு அது. "இதை எழுதியவன் கரையில் நின்று பார்த்து எழுதவில்லை, குளத்தில் இறங்கியிருக்கிறான்" என்றார். நான் சமவசரணத்தைக் கடைசிவரை சொல்லவே இல்லை.

கருவறைக்குள் நின்று மெல்ல 'ம்' என்று முனகினால் கல்லெல்லாம் சேர்ந்து முனகுகிறது. காவலர் செய்து காட்டினார். அம்மாவும் செய்து பார்த்தார். வெளியே வந்தபிறகு, அம்மணச்சாமி என்று பயமுறுத்திய அம்மாயியின்மேல் கொஞ்சம் கோபம் வந்தது அவருக்கு. "எவ்வளவு சாந்தமாக உட்கார்ந்திருக்கிறார், பாவம்" என்றார்.

திரும்பும் வழியில் சாலையோரத்தில் கல்வட்டங்கள் கண்ணில் பட்டன. பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். அம்மா அவற்றைக் குரங்குப்பட்டடை என்றுதான் சொல்வார். சின்ன வயதில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு உட்கார இடமாம்.

மதியச் சாப்பாடு பெரியம்மா வீட்டில். சனிக்கிழமை என்பதால் கோழி தப்பித்தது. கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட புளிக்குழம்பு, கெட்டித் தயிர், சுட்ட அப்பளம். உயிர் தப்பிய கோழி கொல்லையில், அடி நசுங்கிய ஒரு பழைய அலுமினியக் குண்டானில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே கை கழுவினேன்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது பேச்சு சைக்கிளுக்கு வந்தது. 1991–92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது அம்மா ஒரு தொண்டர். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், கற்றுக்கொடுக்கும் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொள்ளட்டும் என்று முனைந்ததில் ஆயிரக்கணக்கான பெண்கள் கிராமங்களில் சைக்கிள் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பார் வைத்த ஆண்கள் சைக்கிளில்தான் அம்மா கற்றார். சேலை செயினில் மாட்டி விழுந்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. அரிக்கேன் விளக்கை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு இரண்டு ஊர் தள்ளிப் போய் எழுத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். சித்தன்னவாசல் பாதையில் எத்தனையோ தடவை போயிருக்கிறார், உள்ளே திரும்பியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண், பதினோராம் வகுப்பு படிப்பவள், அரசு கொடுத்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா வாங்கி, தெருமுனைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, இருக்கை ரொம்ப உயரம் என்று குறை சொல்லிவிட்டு இறங்கினார். மூச்சு வாங்கியது. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் குடுமியான்மலை. அங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். சிகாநாதர் கோயில். சுவாமிக்குக் குடுமி வந்த கதை அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம்: அர்ச்சகர் சுவாமிக்கு வைத்த பூவைத் தன் அன்புக்குரியவளுக்குக் கொடுத்துவிட, திடீரென்று அரசர் வந்து நிற்க, அவள் தலையிலிருந்து பூவைத் திரும்ப வாங்கிப் பிரசாதமாகக் கொடுக்க, அதில் முடி. சுவாமிக்கே குடுமி உண்டு என்று அர்ச்சகர் அடித்துவிட, பக்தனைக் காப்பாற்றச் சுவாமியும் குடுமியைக் காட்டிவிட்டார். பொய்ச்சாட்சி சொன்ன கடவுள்! எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மண்டபத் தூண்களில் நரசிம்மர், மன்மதன், ரதி, பத்துத்தலை ராவணன் என்று நாயக்கர் காலச் சிற்பங்கள். நகமும் நரம்பும் தெரிகின்றன.

நான் வந்தது இசைக் கல்வெட்டுக்காக. கோயிலின் பின்பக்கம், மேலைக்கோயில் குடைவரையின் அருகே பாறைச்சுவரில் இருக்கிறது. பூட்டியிருந்த கதவுக்குச் சாவி வைத்திருந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. டீக்கடையில் இருந்தார். 7ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்து. 'சித்தம் நமசிவாய' என்று தொடங்கி ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகக் கட்டம் கட்டியதுபோல் போகிறது. மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டியது என்று வழக்கமாகச் சொல்வார்கள். கல்வெட்டில் அவன் பெயர் கிடையாது. ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன் என்பதோடு நின்றுவிடுகிறது. கடைசியில் தமிழில் ஒரு வரி: எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய. அந்த எட்டும் ஏழும் எவை என்று அறிஞர்கள் நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, வாய்ப்பாடு மாதிரி இருக்கிறதே என்றார். பாடம்தானே, பார்க்கப்போனால் அதுவும் வாய்ப்பாடுதான்.

ராத்திரி தங்கிய விடுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது, வாளி வைத்துத் தூங்கினோம்.

ஞாயிறு காலை திருமயம். 1687இல் சேதுபதி கட்டிய கோட்டை; ஊரார் சொல்வது ஊமையன் கோட்டை. உச்சியில் ஒரு பீரங்கி, நல்ல காற்று. அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைகள். பாறையிலேயே குடைந்த பள்ளிகொண்ட பெருமாள், ஒரே பார்வையில் அடங்காத நீளம். அம்மா கோட்டைக்கு ஏறவில்லை. முட்டிவலி மீண்டும் வந்துவிட்டதாம். கீழே உட்கார்ந்து பனங்கிழங்கு விற்ற அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கி வருவதற்குள் இரண்டு கட்டுக் கிழங்கும், அந்த அம்மாளின் மகள் வீட்டுப் பிரச்சினை முழுவதும் கைக்கு வந்திருந்தன. வழியில் ஒரு கண்மாயில் ஜல்லிக்கட்டுக் காளையை நீச்சல் விட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் தம்பி வண்டியை நிறுத்திவிட்டார். அவரும் ஒரு காளை வைத்திருக்கிறார், தச்சங்குறிச்சி வாடியில் அவிழ்த்திருக்கிறார். காளையைப் பற்றி அவர் பேசியதில் கால்பங்குகூட மனைவியைப் பற்றிப் பேசவில்லை என்பதை அம்மா கவனித்துச் சொன்னார். கொடும்பாளூரும் விராலிமலையும் நேரமில்லாமல் விட்டுப்போயின. எனக்கு வருத்தம்தான். அம்மாவுக்கு வெல்லம் வைக்க வேண்டிய கவலை.

திருக்கோகர்ணம் கோயிலில் வெல்லம் வைத்தோம். அரைக்காசு அம்மன் என்பது இங்குள்ள பிரகதாம்பாள்தான், தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். பக்கத்திலேயே 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம். பாடம் செய்த விலங்குகள், வாள்கள், செப்புத் திருமேனிகள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டார். அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானம் வெளியிட்ட பொடிச் செப்புக்காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரண்மனையில் அரிசியோடு சேர்த்துத் தானம் கொடுத்தது. 1948இல் சமஸ்தானமே இந்தியாவோடு இணைந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

"இது எங்கள் வீட்டில் ஒரு டப்பா நிறைய இருந்தது" என்றார் அம்மா. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதாதபோது இதை வைத்து ஆடுவார்களாம்.

இப்போது எங்கே?

பழைய செப்பு என்று பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார் அம்மாயி. எதற்குப் போட்டார் என்பது மட்டும் அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. கீரனூர் தாண்டும்போது பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். மறுமுனையில் பெரியம்மா சிரித்தது முன்சீட்டுவரை கேட்டது. அலுமினியக் குண்டானுக்குத்தானாம். கொல்லையில் கிடக்கிறதே, கோழிக்குத் தண்ணீர் வைப்பது, அதற்குத்தான்.